பச்சைத் தண்ணி

மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால், எஞ்சின் சூட்டைத் தணிக்கிற பழைய கூலன்ட்டைத் திறந்து விட்டுவிட்டு, குழாயில் பிடித்த பச்சைத் தண்ணியை ஊற்றி அனுப்பிவிடுவான் என்பது தையல்காரியின் புருஷனுடைய தீர்மானமான அபிப்பிராயம். அப்படி யாரும் அவனுக்குச் செய்ததில்லை. செய்துவிடுவார்கள் என்று தோன்றினாலே அவனுக்குப் போதும். பெட்ரோல் போடும்போது மீட்டரைப் பார்ப்பான், பிறகு ஊற்றுகிறவன் கையைப் பார்ப்பான், பிறகு அவன் முகத்தைப் பார்ப்பான். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் நல்ல பல்லில் கைவைத்துவிடுவார் என்று சட்டைப் பையில் கண்ணாடி வைத்துக்கொண்டு போனவன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தி எங்க தெரு முழுக்க விசாரிச்சாரு. இன்னும் முடிவு சொல்லல" என்பாள் தையல்காரி, துணி கொண்டுவரும் பெண்களிடம். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அவனுக்குப் பைக்கில் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. அந்த வாரம் முழுக்க வெயில் நெருப்பாய்க் கொட்டியது. சிக்னலில் நின்றால் வண்டியில் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. அதனால் லீவு நாள் காலையில், வெயில் முற்றத்துக்குள் வருவதற்கு முன்னாலேயே, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஸ்பானர் பெட்டியோடு குந்திவிட்டான். ஜன்னலை ஒட்டித்தான் தையல் மிஷின். அவள் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"சூடா இருக்கறப்ப மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும். அதான் காலையிலேயே" என்றான், அவள் கேட்காமலே. ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திருகினான். கீழே அவளுடைய பழைய சின்ன நீல பேசினை வைத்து, எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த போல்ட்டைக் கழற்றினான். முதலில் சொட்டாக வந்தது, பிறகு குபுகுபுவென்று கொட்டியது. ஒரு காலத்தில் பளிச்சென்ற பச்சையாய் இருந்திருக்க வேண்டும். இப்போது குளத்துப் பாசி நிறம்.

"இங்க வா, மோந்து பாரு."

அவள் எழுந்து போய்க் குனிந்தாள். சீனிப்பாகு மாதிரி ஒரு வாசனை.

"இனிக்குமா இது?"

"இனிக்கும். நாக்குல வச்சிடாத, அப்புறம் எனக்குச் சமைக்க ஆள் இருக்காது" என்று சிரித்தான். "குடலைத் தின்னுடும். மனுஷன் வாசனையை நம்பினான்னா அவ்வளவுதான்."

போல்ட்டை மாட்டப் போனபோது அதிலிருந்த செம்பு வாஷர் நசுங்கிப் போயிருந்தது தெரிந்தது. அதையே போட்டால் கசியும். புது வாஷர் வாங்க வேண்டும், கடை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். பேசினை இரண்டு கையாலும் தூக்கி, அலுங்காமல் நடந்து, குழாய்க்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் மோட்டார் பெட்டியின் தகர மூடி மேல் வைத்துவிட்டுப் போனான். அதை அவள் பார்த்தாள். பெட்டி இடுப்பு உயரம்.

மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். நிலம் அளக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், தெருவில் எல்லாருக்கும் அவர் சர்வேயர். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஒரு நாய்தான். மந்திரி என்று பேர் வைத்திருந்தார். "மந்திரி சாப்பிட்டாரா, மந்திரிக்குத் தூக்கம் வருதா" என்று நாள் முழுக்க மாடியில் பேச்சு கேட்கும். நாய்க்கு மரியாதை, குடியிருக்கிறவர்களுக்கு ஒருமை என்று அவள் புருஷன் முணுமுணுப்பான். அது பொய். சர்வேயர் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசுகிறவர் அல்ல. ஆனால் முற்றத்தில் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று நாடா பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். எண்ணெய்ச் சொட்டு கோட்டைத் தாண்டினால் கூப்பிட்டுக் காட்டுவார்.

மந்திரிக்கும் அவனுக்கும் ஆகாது. வண்டி கேட்டுக்குள் நுழைந்தால் போதும், அது பாய்ந்து வரும். மழைக்காலத்தில் ஒருநாள் அப்படிப் பாய்ந்ததில் அவன் வண்டியோடு சரிந்து மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. சர்வேயர் இறங்கி வந்து, தரையில் இருந்த டயர்த் தடத்தையும் நாயின் கால் தடத்தையும் பார்த்துவிட்டு, "நாலடி தள்ளித்தான் தம்பி நின்னிருக்கு. நீங்களா விழுந்திருக்கீங்க" என்றார். அன்றைக்கு அவன் முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "ஒருநாள் இதுக்கு நானே சோறு வைக்கப் போறேன் பாரு!"

சொல்லிவிட்டு மறந்திருப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் ஒரு சட்டை முடித்து அடுத்ததை எடுத்தாள். மிஷின் ஓடினால் அவளுக்கு வேறு எதுவும் காதில் விழாது. இடையில் தண்ணீர் மோட்டார் கொஞ்ச நேரம் உறுமி நின்றது மாதிரி இருந்தது. பொத்தான் துளை போடுவதற்காக நிமிர்ந்தபோது அவன் வந்துவிட்டிருந்தான். குழாயடியில் குந்தி பேசினைக் கழுவிக்கொண்டிருந்தான். நாரைப் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தான். தேய்க்கும்போதே தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். மறுபடியும் தேய்த்தான். மறுபடியும் பார்த்தான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரு டம்ளர் கழுவி அவள் பார்த்ததில்லை.

"என்னங்க, அதைப் போய்க் கழுவிக்கிட்டு? வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

அவன் தூக்கிவாரிப் போட்டவன் மாதிரித் திரும்பினான். "அழுக்கா இருந்துச்சு."

"உள்ள இருந்ததை என்ன செஞ்சீங்க?"

"கேன்ல ஊத்திட்டேன். சாக்கடையில கொட்டக் கூடாது அது."

"முழுசாவா?"

"முழுசாத்தான். ஏன் கேக்கற?"

ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குழாயின் மறுபக்கம் மந்திரி நின்றது. செடிக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த வாளியில் தலையை விட்டு நக்கிக் குடித்துக்கொண்டே இருந்தது. அவன் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறான், அது குரைக்கவில்லை. முறைக்கக்கூட இல்லை. தலையை எடுத்தது, இரண்டு அடி வைத்தது, பின்னங்கால் பின்னிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடியும் சாய்ந்தது. பிறகு வாந்தி எடுத்தது.

"சார்!" என்று அவள்தான் கத்தினாள். "சார், மந்திரிக்கு என்னமோ ஆகுது!"

சர்வேயர் ஒரு காலில் செருப்போடு இறங்கி வந்தார். நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதன் கண் எங்கேயோ பார்த்தது.

"என்னடா ராசா, என்னடா ஆச்சு? காலையில நல்லாத்தானே இருந்தே?" என்றவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "தம்பி, இது ஏதாவது தின்னுச்சா? நீங்க இங்கயேதானே இருந்தீங்க?"

"நான் கடைக்குப் போயிட்டு இப்பத்தான் சார் வந்தேன்" என்றான் அவன். "வெயில்ல அப்படித்தான் ஆகும். நிழல்ல போடுங்க, சரியாயிடும்."

"வெயிலா? முற்றத்துல இன்னும் வெயிலே வரலையே."

அவன் பேசினைக் கவிழ்த்து வைத்தான். சர்வேயர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெதுவாக மாறியது.

"தம்பி, நீங்க ஏதாவது வச்சீங்களா?"

"நான் எதுக்கு சார் வைக்கணும்?"

"சோறு வைக்கறேன்னு சொன்னீங்களே. என் காதுல விழலன்னு நெனச்சீங்களா?"

"அது கோவத்துல ஒரு பேச்சு! மணிக்கட்டு வீங்கினவன் வேற என்ன சார் பேசுவான்? எப்பவோ சொன்னதை இன்னிக்குக் கணக்குத் தீக்கறீங்களா?"

"வச்சீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"வைக்கல!"

அந்த 'வைக்கல' முற்றம் முழுக்க எதிரொலித்தது. சர்வேயர் எழுந்தார். நாயைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த வாடகைக் காரைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனார். கழன்று விழுந்த செருப்பு குழாயடியில் கிடந்தது.

அவன் வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, புது வாஷரைப் போல்ட்டில் கோத்தான். போல்ட் கீழே விழுந்தது, எடுத்தான், மறுபடியும் விழுந்தது.

அவள் உள்ளே போவது மாதிரிப் போய், படிக்குப் பக்கத்தில் அவன் ஊற்றி வைத்திருந்த கேனைத் தூக்கிப் பார்த்தாள். பேசின் முக்கால் நிறைந்து இருந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். அலுங்காமல் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு போனானே. கேனில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. ஒற்றை விரலில் தூக்கலாம்.

பெட்டி மேல் வைத்தது உண்மை. பிறகு யார் இறக்கியது? நாய் ஏறிக் குடித்திருந்தால் பேசின் கவிழ்ந்திருக்கும், தரை முழுக்கப் பச்சையாய் இருக்கும். தரையில் ஒரு சொட்டு இல்லை. இனிக்கும் என்று சொன்னது இவன்தான். குடலைத் தின்னும் என்று சொன்னது இவன்தான். கழுவினது இவன்தான். ஊரையெல்லாம் சந்தேகப்படத் தெரிந்த இவனை, ஒருத்தராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

புது கூலன்ட் கேன் இன்னும் திறக்காமல் வாசலில் இருந்தது. அதன் முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் எட்டாமல் வைக்கவும். விழுங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டவும். இரண்டாவது வரியை மறுபடியும் படித்தாள். கேனைத் துணிப் பைக்குள் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

"நூல் தீந்து போச்சு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பையைப் பார்த்தான். பை கனத்துத் தொங்கியது. நூல் வாங்கப் போகிறவள் கனத்த பையோடு போக மாட்டாள் என்பது அவனைப் போன்ற ஆளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மறுபடியும் போல்ட்டுக்கே குனிந்துவிட்டான்.

கால்நடை ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருக்கோடியில். நடக்க நடக்க அவள் மனசு ஆயிரம் சொன்னது. திரும்பிப் போ. நாய் செத்தால் நாய் செத்தது, யாருக்கும் எதுவும் தெரியாது. சொன்னால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார். இந்த ஜன்னலும் இந்த வெளிச்சமும் வேறு எங்கே கிடைக்கும்? அதுவாவது போகட்டும். போலீசைக் கூப்பிட்டால்? கட்டினவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவள் அம்மாவே திட்டுவாள். ஒரு கடை நிழலில் நின்றுவிட்டாள். நாய் பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தது கண்ணுக்குள் வந்தது. எந்தப் பக்கம் எழுந்திருப்பது என்று அதற்கே தெரியாமல் பார்த்த பார்வை. நடையை எட்டிப் போட்டாள்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். மேஜை மேல் மந்திரியைப் படுக்க வைத்து ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். சர்வேயர் அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், இரண்டு காலிலும் செருப்பில்லாமல்.

"வெயில் அடிச்சிருக்கலாம், இல்ல எதையாவது கெட்டுப்போனதைத் தின்னிருக்கலாம்" என்றாள் டாக்டர். "பாப்போம்."

"டாக்டர், இதைக் குடிச்சிருக்கு" என்று தையல்காரி கேனை மேஜை மேல் வைத்தாள். "இது புதுசு. குடிச்சது பழசு. வண்டியிலேர்ந்து வடிச்சது."

டாக்டர் கேனைத் திருப்பிப் படித்தாள். அவள் முகத்திலிருந்த சாவகாசம் போய்விட்டது. "எப்பக் குடிச்சுது?"

"இப்பத்தான். இன்னும் மத்தியானச் சாப்பாடு நேரம்கூட ஆகல."

"எவ்வளவு?"

"பாதி பேசினுக்கு மேல இருக்கும்."

டாக்டர் உள்ளே குரல் கொடுத்து ஏதோ மருந்து கேட்டாள். "சார், இதுக்கு ஆல்கஹாலை நரம்புல ஏத்தணும். ராத்திரி பூரா இங்கதான் இருக்கணும்."

"ஏற்கனவே குடிகாரன் மாதிரித் தள்ளாடுதே டாக்டர், இன்னும் ஏத்தவா?"

"உள்ள போனதை உடம்பு உடைச்சாத்தான் சார் விஷமாகும். உடைக்க விடாம இது முந்திப் போய் இடம் பிடிச்சுக்கும். அப்புறம் அது மூத்திரத்துல போயிடும். கிட்னியில உக்காந்த பின்னாடி வந்திருந்தீங்கன்னா நான் கையைத்தான் பிசைஞ்சிருப்பேன்." தையல்காரியைப் பார்த்து, "நல்ல வேளை சொன்னீங்க" என்றாள்.

சர்வேயர் அவளைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

"அப்ப உங்க வீட்டுக்காரர்தான்."

அவள் தரையைப் பார்த்தாள்.

"முகத்தைப் பாத்துப் பொய் சொன்னாரு. வெயில்னு சொன்னாரு. வாயில்லாத ஜீவன் அம்மா இது. குரைக்கும், அவ்வளவுதானே செய்யும்? இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடுங்க. போலீசுக்குப் போறதா வேண்டாமான்னு நான் யோசிக்கறேன்."

"எங்க வச்சிருந்தாரு அதை?" என்று டாக்டர் கேட்டாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தரையிலயா? நிறையப் பேர் தெரியாம அப்படித்தான் வைக்கறாங்க."

"இல்லீங்க. மோட்டார் பெட்டி மேல வச்சிட்டுத்தான் கடைக்குப் போனாரு. அதை நான் பாத்தேன். அதுக்கப்புறம்…" என்று நிறுத்தினாள். அதற்கப்புறம் அவள் மனசுக்குள் இருந்ததை வாய் சொல்ல மறுத்தது.

சர்வேயர் நாயின் காலைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"பெட்டி மேலயா?"

"ஆமா சார்."

"நீலக் கலர் பேசினா?"

"ஆமா."

அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "டேங்க் காலியாயிடுச்சுன்னு மோட்டார் போட இறங்கி வந்தேன். சுவிட்ச் பெட்டிக்குள்ள, மூடியைத் திறக்கணும்ல. மேல பேசின் இருந்துச்சு. துணி அலசின தண்ணின்னு நெனச்சேன். இறக்கித் தரையில வச்சேன். மோட்டாரைப் போட்டுட்டு மாடிக்குப் போயிட்டேன். டேங்க் நிரம்புச்சான்னு பாத்துட்டு மேல இருக்கற மெயின் சுவிட்சுலயே நிறுத்திட்டேன். திரும்பி எடுத்து வைக்கணும்னு தோணவே இல்ல."

டாக்டர் மருந்துப் பையைக் கொக்கியில் மாட்டினாள்.

"நான்தான் அம்மா வச்சிருக்கேன்" என்றார். "என் கையாலயே."

தையல்காரிக்குப் பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது, வேறொன்று ஏறின மாதிரியும் இருந்தது. அப்படியானால் அவன் வைக்கவில்லை. அப்படியானால் எதற்குக் கழுவினான்?

அதே கேள்வி அவருக்கும் வந்துவிட்டது. "இது குடிச்சது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றாள் அவள் சட்டென்று. "அவருக்குத் தெரியாது. நானாத்தான் கேன்ல ஊத்தினது குறைஞ்சிருக்கறதைப் பாத்தேன்."

சொன்ன பிறகு அவளால் டாக்டரையும் பார்க்க முடியவில்லை, நாயையும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது வண்டி அப்படியே நின்றது. ரேடியேட்டர் திறந்து கிடந்தது. அவன் படியில் உட்கார்ந்திருந்தான், சாப்பிடவும் இல்லை. மூடி வைத்த சோறு மூடினபடியே இருந்தது.

"நூல் கிடைச்சுதா?" என்றான்.

அவள் கேனை அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பிழைச்சுக்கும் போல இருக்கு. காலையில தெரியும்னாங்க. பேசினை இறக்கி வச்சது சார்தானாம். மோட்டார் போட வந்தவர் இறக்கி வச்சிட்டாராம். அவரே சொன்னாரு."

அவன் மூச்சை விட்டான். முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் தேய்த்தான்.

"நான்தான்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"பூராவும்?"

"பூராவும். ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் நீங்கதான்னு நெனச்சுக்கிட்டுதான் போனேன்."

அவன் தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். கோபம் வரவில்லை.

"நான் வர்றப்ப அது குடிச்சுக்கிட்டிருந்துச்சு" என்றான். "பேசின் தரையில இருக்கு, அது தலையை உள்ள விட்டுக் குடிக்குது. விரட்டினேன். போய் வாளித் தண்ணியைக் குடிக்க ஆரம்பிச்சுது. எனக்குத் தெரியும், இது குடிச்சா என்ன ஆகும்னு. அப்பவே மேல பாத்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம்."

"ஏன் போடல?"

"மேலதான் வச்சேன்னு சொன்னா யாரு நம்புவா? சோறு வைக்கறேன்னு கத்தினவன் நான். நானா இருந்தா நம்ப மாட்டேன்." கேனைத் தள்ளி வைத்தான். "அது மட்டும் இல்ல. ஒழியட்டுமேன்னும் ஒரு நிமிஷம் தோணுச்சு. பொய் சொல்லல. தோணுச்சு."

"நான் போகாம இருந்திருந்தா?"

"தெரியல" என்றான்.

அவள் உள்ளே போனாள். சோற்றை எடுத்துச் சூடு பண்ணி ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் பாதி தின்றான்.

மறுநாள் காலை வேலைக்குப் போக வண்டி வேண்டும். அவன் போல்ட்டை இறுக்கினான், அவள் புனலைப் பிடித்துக்கொண்டாள். புதுப் பச்சை மெல்ல இறங்கியது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழ் குமிழாக மேலே வந்து உடைந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்து. போதும். நிறுத்து." எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் பார்த்தான். குமிழ் அடங்கினதும் மூடியைத் திருகினான். கீழே குனிந்து விரலால் தடவிப் பார்த்தான், கசிவு இல்லை.

கேட் திறந்தது. சர்வேயர் மந்திரியை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். இரவு முழுக்கத் தூங்காத கண். நாய் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி வண்டியைப் பார்த்தது. குரைக்கத் தெம்பில்லை.

"கண்டம் தாண்டிடுச்சு தம்பி" என்றார். "பத்து நாள் மருந்து கொடுக்கணும். தம்பி, உங்ககிட்ட நான் என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க முகத்துக்கு நேரா நின்னு கொலைகாரன் மாதிரிக் கேட்டுட்டேன். என் தப்பை உங்க தலையில போட்டேன். வயசுக்கு இது அழகில்ல. மன்னிச்சுக்குங்க."

நாயை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறுகையை அவனிடம் நீட்டினார்.

அவன் கை முழுக்கப் பச்சையாக இருந்தது. அதைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பார்த்தான். 'பரவாயில்லை சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அவள் ஏற்கனவே அவனுக்காக ஆஸ்பத்திரியில் 'அவருக்குத் தெரியாது' என்று சொல்லி வைத்திருந்தது அதற்குத் தோதாகவும் இருந்தது. அவள் புனலைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"கையை அப்புறம் கொடுக்கறேன் சார்" என்றான் அவன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உக்காருங்க."

சர்வேயர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் உள்ளே போய், மிஷினுக்கு முன்னால் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் போட்டாள்.